தாராவி பம்பாய்க்கு நடுவுலதான இருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் வேற ஊர் மாதிரி பேசுறாங்க?

பிகேசி_புதுசு

வணக்கம் மக்களே. சொந்த ஊர் மதுரை, இப்ப வேலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல (பிகேசி). ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பாத்தா மிட்டி ஆறு, அதைத் தாண்டுனா தகரமும் நீலத் தார்ப்பாயுமா தாராவி. நடந்தே போயிடலாம், அவ்வளவு கிட்ட. ஆனா கூட வேலை பாக்குற பம்பாய்க்காரங்க நிறைய பேரு உள்ள காலே வச்சதில்லையாம், பொறந்து வளந்தது எல்லாம் தாதர், அந்தேரின்னு இருக்குற ஆளுங்க. நான் ஒரு நாள் போயிட்டு வரேன்னு சொன்னதுக்கு பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியான்னு கிண்டல் வேற. அதே ஆளுங்க லெதர் பேக் வாங்கணும்னா சயன் பாந்த்ரா லிங்க் ரோட்டுக் கடைக்குத்தான் போறாங்க, அது மட்டும் தாராவி கணக்குல வராது போல.

என் கேள்வி இதுதான். இவ்வளவு பெரிய சிட்டிக்கு நட்ட நடுவுல இருக்குற ஒரு ஏரியா எப்படி அந்த சிட்டிக்கே வெளிய இருக்குற மாதிரி ஆச்சு? தாராவில இருந்தவங்க, இருக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க. யூடியூப் டூர் வீடியோ லிங்க் வேண்டாம், எல்லாம் பாத்தாச்சு.

டிரான்சிட்கேம்ப்_ராசா

தம்பி, தாராவி போயி பம்பாய் நடுவுல உக்காரல. பம்பாய்தான் வடக்க வடக்க வளந்து வந்து தாராவிய நடுவுல ஆக்கிருச்சு, இதைப் புடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

மொதல்ல அது கோலி மீனவங்க ஊரு, மாஹிம் கழிமுகத்து ஓரம். இன்னைக்கும் தாராவி கோலிவாடான்னு ஒரு பகுதி இருக்குல்லா, அதுதான் மூலம், 1909ல சர்க்கார் போட்ட ஊர் விவரப் புத்தகம், கெசட்டியர்லயே பம்பாயோட பெரிய கோலிவாடாக்கள்ல ஒண்ணுன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். அப்பல்லாம் ஊருன்னா கோட்டை, கிர்காவ், பைகுல்லா, அம்புட்டுதான். நாத்தம் புடிச்ச தொழில், புகை வர்ற தொழில் எதையும் ஊருக்குள்ள வச்சுக்க மாட்டாங்க, வடக்க தள்ளி விடு. பாந்த்ராவுல மாடு வெட்டுற எடம் இருந்துச்சு, தோலு பக்கத்துலயே கெடைச்சுது, 1887 வாக்குல தோல் பதனிடுற மொத டேனரி தாராவிக்கு வந்துச்சு. அந்த வேலை தெரிஞ்ச சனம் திருநெல்வேலிச் சீமையில இருந்து வந்தாங்க, ஆதிதிராவிடர் சனமும் தமிழ் முஸ்லிம்களும். எங்க தாத்தா களக்காட்டுப் பக்கத்துல இருந்து ரயிலேறுனது அப்படித்தான், முன்னாடி வந்த சொந்தக்காரர் ஒருத்தர் போட்ட கடுதாசிய நம்பி. அதே மாதிரி குஜராத் சௌராஷ்ட்ரா குயவங்க, அவங்க சூளைப் புகை ஊருக்குள்ள ஆகாதுன்னு இங்க எடம் கொடுத்தான் சர்க்கார், 1895ல 99 வருசக் குத்தகைக்கு, அதான் கும்பார்வாடா.

1950 வரைக்கும் மாநகராட்சி எல்லையே மாஹிம் சயனோட முடிஞ்சுது. அப்புறம் 1950லயும் 1957லயும் புறநகரை எல்லாம் சேத்துக்கிட்டான், பாந்த்ரா அந்தேரி போரிவலி முலுண்டுன்னு ஊரு நீளமா வடக்க ஓடிருச்சு. கடைசி மூலையா இருந்த எடம் மேப்புல நடுவாந்திரமா வந்து நிக்குது. ஒரு பக்கம் வெஸ்டர்ன் லைன், இன்னொரு பக்கம் சென்ட்ரல் லைன், தெக்க ஹார்பர் லைன். இதுக்கு மேல பம்பாய்ல என்ன வேணும் சொல்லு? ஊருக்குக் கொல்லைப்புறம்னு நெனச்சு எதை எல்லாம் கொண்டு போய் போட்டாங்களோ அந்த எடம் இன்னைக்கு நடுவீடு ஆகிப் போச்சு. இப்ப மண்ணு வேணும், மனுசங்கதான் இடைஞ்சல்.

சும்மா_படிக்கிறவன்

ராசா அண்ணாச்சி முழு ஃபார்ம்ல இருக்காரு, டீ போட்டுட்டு வந்து உக்காருறேன்

கணக்கு_வழக்கு

அண்ணாச்சி சொன்னதுல ஒரு சின்னச் சேர்க்கை, இது நிறைய பேருக்குத் தெரியாது. நிர்வாகக் கணக்குப்படி தாராவி இருக்குறது மும்பை சிட்டி மாவட்டத்துல. கண்ணாடி டவரா நிக்குற பிகேசி இருக்குறது மும்பை புறநகர் மாவட்டத்துல. அதாவது சட்டப்படி பாத்தா தம்பி, நீங்கதான் புறநகர், தாராவிக்காரங்கதான் சிட்டி 😄

மாநகராட்சி வார்டும் அப்படித்தான். ஜி நார்த் வார்டு. சிவாஜி பார்க், தாதர், மாஹிம், தாராவி எல்லாம் ஒரே வார்டு. சிவாஜி பார்க் ஓரத்துல கடல் பாத்த ஃப்ளாட் வச்சிருக்குறவரும் தாராவி ராஜீவ் காந்தி நகர்ல ஒத்தை ரூம் வச்சிருக்குறவரும் அதே வார்டு ஆபீஸ்தான். ஆட்டோ விஷயத்தையும் பாருங்க, மும்பைல ஆட்டோ புறநகர்ல மட்டும்தான் ஓடணும், தெக்க மாஹிமோட சயனோட நின்னுடும். அதுக்கு இந்தப் பக்கம் டாக்சி. அந்தப் பழைய ஊர் எல்லை இன்னும் ஆட்டோ மீட்டர்ல உயிரோட இருக்கு.

கிங்ஸ்சர்க்கிள்_வாசி

நான் மாட்டுங்கா. எங்க ஏரியாலேர்ந்து தாராவி ரயில்வே லைனத் தாண்டினா வந்துடும். ராசா சார் சொன்னது வாஸ்தவம்தான், ஆனா ஒரு விஷயம் விட்டுட்டார். ரெண்டு பக்கத்துலயும் தமிழ்காராதான் இருக்கோம், ஒரே ரயில்ல வந்தவாதான். ஆனா ஒரு தண்டவாளத்துக்கு இந்தண்டை பவழமல்லி, கோவில், கச்சேரி, ஃபில்டர் காபி. அந்தண்டை போறதே கிடையாது.

இதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1896ல பம்பாய்ல பிளேக் வந்துது. ஊர் ரொம்ப நெருக்கமா இருக்கு, காத்து வெளிச்சம் வேணும்னு 1898ல இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சா. அவா பிளான் போட்டு, ரோடு போட்டு, மரம் நட்டு, மனை பிரிச்சு உண்டாக்கினதுதான் தாதர் மாட்டுங்கா. குமாஸ்தா, டைப்பிஸ்ட், ரயில்வே உத்தியோகம்னு வந்த தென்னிந்தியாவுக்கு அங்க வாடகைக்கு ஃப்ளாட் கிடைச்சுது. அதே காலத்துல தாராவிக்கு யாரும் கோடு கூடப் போடலை. எங்க தாத்தா இங்கிலீஷ் தெரிஞ்சு வந்தார், ராசா சார் தாத்தா தோல் வேலை தெரிஞ்சு வந்தார். ஊர் ரெண்டு பேரையும் வேற வேற வாசல் வழியா உள்ள விட்டுது, அவ்வளவுதான் வித்தியாசம்னு சொல்லத் தோணறது. ஜாதி இல்லையான்னு கேப்பேள். இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய்.

டிரான்சிட்கேம்ப்_ராசா

கிங்ஸ்சர்க்கிள் சார், கடைசி ரெண்டு வரிக்கு நன்றி. நெறைய பேரு அதை எழுதாம தாண்டிப் போயிருவாங்க.

இன்னொண்ணும் சேத்துக்கோங்க, 1966ல சிவசேனா ஆரம்பிச்சப்ப மதராசிகளை விரட்டணும்னு ஒரு காலம் ஓடுச்சுல்லா, லுங்கிய விரட்டுன்னு கோஷம் போட்டு உடுப்பி ஓட்டல்ல கல்லெறிஞ்ச காலம். அப்ப மட்டும் ரெண்டு பக்கத்தையும் ஊரு ஒண்ணாத்தான் பாத்துச்சு.

நெறியாளர்

கட்சி அரசியல் இத்தோட போதும். வரலாறா எழுதுனா பரவாயில்ல, இன்னைக்கு யாருக்கு ஓட்டுங்குற சண்டை வேண்டாம்.

பதிமூணு_கம்பவுண்ட்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பங்கார் தொழில், அதாவது பழைய சாமான் வியாபாரம், தாராவி 13 கம்பவுண்ட்ல சின்ன கோடவுன். வாப்பா கடையநல்லூர்ல இருந்து வந்தாங்க. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, பொறுத்துக்கோங்க.

பிகேசி தம்பி, உங்க ஆபீஸ் பில்டிங்ல ராத்திரி குப்பைய எடுத்துட்டுப் போறான்ல, அதுல இருக்குற தண்ணி பாட்டில், பழைய கீபோர்டு, பார்சல் டப்பா, அட்டை, இதெல்லாம் எங்க போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? பொறுக்குறவன் கிட்டருந்து சின்ன பங்கார் கடை, அங்கருந்து பெரிய கடை, அங்கருந்து டெம்போவுல எங்கள மாதிரி ஆளு கிட்ட. நாங்க மொதல்ல ரகம் பிரிப்போம், கலர் வாரியா, பிளாஸ்டிக் ஜாதி வாரியா, எரிச்சு மோந்து பாத்து கண்டுபிடிக்கிற ஆளு எங்க கிட்ட இருக்கான், எந்த மெஷினும் வேணாம். அப்புறம் கட்டிங் மெஷின்ல நொறுக்கி, கழுவி, மாடில தகரத்து மேல காயப் போட்டு, உருக்கி, நூலா இழுத்து, தானான்னு சொல்ற சின்னச் சின்ன மணியா பண்ணி மூட்டை கட்டுவோம். அந்த தானா மறுபடியும் வாளி, மக்கு, பொம்மைன்னு ஆகி உங்க வீட்டுக்கே வந்துரும். பெயிண்ட் டின்னு இருக்குல்ல, அதை நெருப்புல வாட்டி, தட்டி நெளிவு எடுத்து, புதுசு மாதிரி திருப்பி அனுப்புவோம்.

மும்பை போடுற குப்பையில எவ்வளவு இங்க வருதுன்னு ஒவ்வொருத்தன் ஒரு சதவீதம் எழுதுறான். வருசத்துக்கு 100 கோடி டாலர் புரளுதுன்னு வேற எழுதுவான். பில்லே போடாத ஊர்ல எவன் உக்காந்து எண்ணுனான்னு நாங்க சிரிப்போம். ஆனா ஒரு விசயம் உறுதி, எங்க ஏரியா மூணு நாளு பூட்டி கெடந்தா சிட்டில இருக்குற பங்கார் கடை எல்லாம் ரோட்டு வரைக்கும் நிறைஞ்சிரும்.

புகை கெட்டதுதான், ஒத்துக்குறேன். நெஞ்சு வலி எங்களுக்குத்தான் மொதல்ல வருது.

நாசரேத்_செல்வி

எல்லாரும் தொழில், வரலாறுன்னு பேசுறீங்க. நான் 90 அடி ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல பொறந்து வளந்த பொம்பள, இப்ப டீச்சர். கொஞ்சம் வீட்டுக்குள்ள இருந்து சொல்றேன்.

அம்மா இட்லி வியாபாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு மாவு, நாலு மணிக்கு அடுப்பு, அஞ்சரைக்கெல்லாம் சைக்கிள்காரங்க அலுமினியத் தூக்கைக் கட்டிக்கிட்டு வரிசையா கிளம்பிருவாங்க, ஹாரன் அடிச்சுக்கிட்டு பம்பாய் முழுக்கத் தெருத் தெருவா இட்லி விக்கிறாங்கல்ல, அந்த இட்லில முக்கால்வாசி இந்தச் சந்துகள்ல வெந்ததுதான்னு சொன்னா மிகையில்ல. வாங்கித் திங்கிறவங்களுக்கு இட்லி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது, கேக்கவும் மாட்டாங்க. தீபாவளிக்கு ஊரு பூரா ஏத்துற அகல் விளக்கு கும்பார்வாடா, கடையில தொங்குற சிக்கி, ஃபர்சான், ஸ்கூல் யூனிஃபார்ம், ஏற்றுமதி பெல்ட்டு எல்லாம் இங்கதான். பொருள் போற எடத்துக்கெல்லாம் நாங்க போக முடியாது, அதுதான் விசயம்.

எப்படின்னா, காலேஜ் முடிச்சு ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனப்ப அட்ரஸ்ல தாராவின்னு பாத்ததும் அந்தம்மா முகம் மாறுன விதம் இன்னும் மறக்கல. வேற ஒரு எடத்துல லோன் கேட்டப்ப பின்கோடு பாத்தே ஃபைலைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எங்க ஏரியால பாதிப் பேரு "சயன்"னு எழுதுவாங்க, இன்னும் கொஞ்சம் தைரியம் இருந்தா "மாஹிம் ஈஸ்ட்". கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரும்போது சயன்ல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுல வச்சுப் பொண்ணு காமிச்ச குடும்பமெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனா தாராவிய ரொமான்டிக்கா பேசுற ஆளுங்களையும் எனக்குப் பிடிக்கல. ஒற்றுமை, உழைப்பு, அங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு எழுதுவீங்க. காலைல சண்டாசுக்கு, அதான் பொதுக் கக்கூசுக்கு, வரிசைல நின்னு பாருங்க. மாசமான பொம்பள ராத்திரி மூணு மணிக்கு விளக்கில்லாத சந்துல சண்டாசுக்குப் போறது என்ன ஒற்றுமை? மழைக்காலத்துல மிட்டி பொங்குனா எங்க வீட்டுக்குள்ளதான் மொதல்ல வரும், உங்க கண்ணாடி பில்டிங்குக்கு இல்ல.

பிகேசி_புதுசு

செல்வி அக்கா, பங்கார் பாய், ரெண்டு பேருக்கும் நன்றி. குப்பை விஷயம் சத்தியமா யோசிச்சதே இல்ல. அப்புறம் ஒரு சந்தேகம், கொரோனா நேரத்துல தாராவி மாடல்னு உலகம் பூரா பேசுனாங்களே, அப்பவாவது சிட்டியோட பார்வை மாறலையா?

நாசரேத்_செல்வி

மாறுச்சு, நாலு மாசம் 🙂

2020 ஏப்ரல் 1ஆம் தேதி மொத கேஸ். அன்னைக்கு டிவில பேசுன பேச்சைக் கேட்டிருக்கணும், தாராவி வெடிக்கப் போகுது, மும்பையே முடிஞ்சுதுன்னு. பயம் எங்களுக்கு ஒண்ணு ஆகிரும்னு இல்ல, எங்க கிட்டருந்து அவங்களுக்கு வந்துரும்னு. வெளிய வேலைக்குப் போற பொம்பளைங்களை எல்லாம் நிறுத்திட்டாங்க. உள்ள நடந்தது வேற. மாநகராட்சி ஆளுங்களும் ஏரியால கிளினிக் வச்சிருக்குற டாக்டர்களும் வீடு வீடா வந்து ஜுரம் பாத்தாங்க, ஸ்கூலையும் கல்யாண மண்டபத்தையும் தனிமைப்படுத்துற எடமா மாத்துனாங்க, சண்டாசை ஒரு நாளைக்குப் பல தடவை கழுவுனாங்க. ஜூலைல உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவி பேரைச் சொல்லிப் பாராட்டுனாரு. அப்ப மட்டும் "நம்ம மும்பையோட தாராவி". அதுக்கு முன்னாடி வரைக்கும் யாரோட தாராவியோ.

வெளியூர்_வேலு

நான் சென்னை. ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் சரி, ஆனா இவ்வளவு விலை போற நிலத்துல குடிசையே இருக்கணும்னு சொல்றது நியாயமா? ஒரு சிட்டி தன் நடு மையத்தை நல்லா பயன்படுத்த நினைக்கிறது இயல்புதான? டோக்கியோ, சிங்கப்பூர்லாம் இப்படித்தான மாத்துனாங்க?

கணக்கு_வழக்கு

வேலு கேட்டது நியாயமான கேள்வி, இதைத் திட்டாம பேசுவோம். நான் மறுசீரமைப்பு வேணும்னு நினைக்கிற ஆளு, அதை மொதல்லயே சொல்லிடறேன்.

நிலம் சுமார் 600 ஏக்கர், மக்கள் 6 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. 1985ல ராஜீவ் காந்தி பிரதமரா இருந்தப்ப பம்பாய்க்கு 100 கோடி அறிவிச்சாரு, அதுல ஒரு பகுதி தாராவிக்கு வந்து கட்டுனதுதான் பிஎம்ஜிபி காலனி. 2004ல மொத்த தாராவியையும் ஒரே திட்டமா போட்டாங்க, டெண்டர் விட்டாங்க, ரத்து பண்ணாங்க. 2018 டெண்டர்ல செக்லிங்க்னு ஒரு கம்பெனி 7,200 கோடிக்குக் கேட்டு முதல்ல வந்துச்சு, நடுவுல ரயில்வே நிலம் சேந்ததால அதுவும் ரத்து. 2022ல அதானி 5,069 கோடிக்கு எடுத்தாங்க. இப்ப அரசும் அதானியும் சேந்த கம்பெனி, அதானிக்கு 80 சதவீதம், அரசுக்கு 20. 2024ல இருந்து வீடு வீடா சர்வே.

விதி இப்படி: 1.1.2000க்கு முன்னாடில இருந்து தரைத்தளத்துல இருக்குறவங்களுக்கு தாராவிக்குள்ளயே 350 சதுர அடி இலவசம், மும்பைல மத்த எஸ்ஆர்ஏ திட்டத்துல, அதாவது குடிசை மறுசீரமைப்புத் திட்டத்துல, 300தான். 2000த்துல இருந்து 2011 வரைக்கும்னா 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்டணும், தாராவிக்கு வெளிய. அதுக்கப்புறம் 15.11.2022 வரைக்கும் வந்தவங்க, மேல்மாடில இருக்குறவங்க எல்லாருக்கும் வாடகை வீடு, போகப் போக விலைக்கு எடுத்துக்கலாம், அதுவும் வெளிய. தனிச் சண்டாஸ், குழாய், லிஃப்ட். செல்வி அக்கா சொன்ன வரிசைக்கு இதுதான் பதில்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் யாரும் பேச மாட்டேங்குறாங்க. ஒரு நிலத்துல எவ்வளவு கட்டலாம்ங்குற அளவுதான் எஃப்எஸ்ஐ, இங்க கட்டாம மிச்சமாகுற அந்த உரிமைய டிடிஆர்னு சிட்டி பூரா விக்கலாம். அரசு போட்ட உத்தரவுப்படி மத்த பில்டருங்க டிடிஆர் வாங்கணும்னா மொதல் 40 சதவீதத்தை தாராவி திட்டத்துக்கிட்டருந்துதான் வாங்கணும். அதனால இனிமே அந்தேரில ஒரு மாடி ஏறுனாலும் அதுல தாராவிக்காரன் தலைக்கு மேல இருந்த வெத்து வானம் கொஞ்சம் கலந்திருக்கும்.

டிரான்சிட்கேம்ப்_ராசா

கணக்கு சார், எல்லாம் கரெக்டா எழுதிருக்கீங்க. ஆனா நீங்க எழுதுனதுல எத்தனை எடத்துல "வெளிய"ன்னு வருது பாருங்க.

வெளியன்னா எங்க? முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கம் உப்பளம், குர்லால மதர் டெய்ரி எடம், அப்புறம் தேவ்னார் குப்பைக் கெடங்கு. திரும்பவும் குப்பை! நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னாடி ஊருக்கு வெளியன்னு சதுப்புல கொண்டு விட்டான், சனமே குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியிருந்துச்சு, ஊரு வளந்து பக்கத்துல வந்ததும் இப்ப அடுத்த சதுப்பைக் காட்டுறான். முலுண்டுல என்ன நடந்துச்சு தெரியுமா, அங்க இருக்குற சனம் போர்டு புடிச்சுப் போராட்டம் பண்ணுச்சு, தாராவி ஆளுக எங்க ஏரியாவுக்கு வேண்டாம்னு. 2024 எலெக்சன்ல அது பெரிய பேச்சு. தாராவி நிலம் எல்லாருக்கும் பிடிக்குது, அந்த நிலத்துல இருக்குற ஆளு எந்த ஏரியாவுக்கும் வேண்டாம். தம்பி கேட்டதுக்கு இதை விட நேரடி பதில் என்ன இருக்கு?

வேலு, டோக்கியோ சிங்கப்பூர் எனக்குத் தெரியாது. கும்பார்வாடாக்காரன் பானைய எங்க காயப் போடுவான், ஏழாவது மாடிலயா? எங்க சனத்துல வீடுன்னா கீழ பட்டறை, மேல படுக்கை. ஏணியில ஏறிப் போனா மாலா, அங்க புள்ளைங்க படிக்கும். வீட்டைக் குடுக்குறேங்குறாங்க, சந்தோசம், தொழிலுக்கு எடம்னா எந்தத் தொழிலுக்கு, எவ்வளவு அடின்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்றாங்க. புகை வர்றதும் நாத்தம் வர்றதும் அதுல இருக்காதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அப்ப பாயோட பங்கார் எங்க போகும்?

பதிமூணு_கம்பவுண்ட்

பிவண்டி போகும். இல்ல நாலாசோப்ரா, வசாய் பக்கம். ஏற்கனவே கொஞ்சம் பேரு போயாச்சு. அங்க இருந்து டெம்போ வாடகை குடுத்து சிட்டி குப்பைய எடுத்தா எனக்குக் கட்டாது. நாங்க மலிவா பண்றதே குப்பை போடுறவனுக்குப் பக்கத்துல இருக்குறதாலதான். தூரம் போனா பாதி சரக்கு யாரும் எடுக்காம டம்பிங் கிரவுண்டுக்கே போகும்.

கிங்ஸ்சர்க்கிள்_வாசி

டேனரிக்கு ஆனதும் இதுதானே. 1971ல பாந்த்ரா கசாப்புக் கூடத்தை தேவ்னாருக்கு மாத்தினா, அப்புறம் மெல்ல மெல்ல தாராவி டேனரியும் போயிடுத்து. இப்ப சென்னை, கான்பூர்லேர்ந்து பதப்படுத்தின தோல் வரது, தாராவில வெட்டித் தைக்கறது மட்டும்தான். தொழில் சாகலை, மாறிண்டுது. அதையும் பாக்கணும். எல்லா மாத்தமும் அழிவுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

டிரான்சிட்கேம்ப்_ராசா

மாறிச்சு சார், ஒத்துக்குறேன். ஆனா டேனரில வேலை பாத்த ஆளுக அதே சந்துல இருந்தாங்க, அதனால அடுத்த வேலைய அங்கனயே புடிச்சாங்க. ஆளையே தூக்கிட்டா எதைப் புடிக்க?

மாஹிம்_மச்சான்

இதுல கோலி சனத்தை மறந்துட்டீங்க. எங்க பக்கத்து வீட்டு ஆண்ட்டி தாராவி கோலிவாடா. நாங்க ஸ்லம்மே இல்ல, நாங்க கிராமம், எங்க நிலம் எங்களுக்குச் சொந்தம், எங்களை உங்க திட்டத்துல சேக்காதீங்கன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. கும்பார்வாடாவும் குத்தகைப் பேப்பரைக் காட்டி அதையேதான் கேக்குது. தாராவி ஒரே ஊர்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத்தான் தோணும். உள்ள ஒரு நாட்டாமைக்குக் கட்டுப்படாத பத்து இருபது ஊர் இருக்கு.

நாசரேத்_செல்வி

மச்சான் சொல்றது நூத்துக்கு நூறு. பொங்கலுக்குத் தமிழ்ச் சந்துல தெரு நீளத்துக்கும் பானை வச்சுப் பொங்குவோம், அடுத்த சந்துல உத்தரப் பிரதேசத்துக்காரங்க எட்டிப் பாத்துட்டு வேலைக்குப் போயிருவாங்க. 1924லயே தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்த எடம் இது, ஆனா எங்க ஸ்கூல்ல இப்ப பாதிப் புள்ளைங்களுக்குத் தமிழ் எழுத வராது, மராத்தி இந்தி இங்கிலீஷ் மூணும் சரளமா பேசும். அதுங்க கிட்ட நீ எந்த ஊருன்னு கேட்டா தாராவின்னுதான் சொல்லும். திருநெல்வேலின்னும் சொல்லாது, மும்பைன்னும் சொல்லாது.

ராசா அண்ணனுக்கு ஒண்ணு. நீங்க இப்ப கல்யாண்ல ஃப்ளாட்ல இருக்கீங்கதான? லிஃப்ட் இருக்குல்ல? அப்ப எங்களுக்கும் இருக்கட்டும். தொழிலும் வேணும், லிஃப்டும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு நீங்களும் சொல்லாதீங்க, அவங்களும் சொல்ல வேண்டாம்.

டிரான்சிட்கேம்ப்_ராசா

வாயை அடச்சுட்ட தாயி 🙏 லிஃப்ட் இருக்கு. வாரத்துல பாதி நாளு ஓடாது, ஆனா இருக்கு.

சும்மா_படிக்கிறவன்

அண்ணாச்சி அவுட்டு 😂

பிகேசி_புதுசு

போயிட்டு வந்தேன் மக்களே. மெட்ரோ 3ல பிகேசிக்கு அடுத்த ஸ்டேஷனே தாராவி. ஆபீஸ்ல ஒருத்தர் கூட வந்தாரு, தாதர்க்காரர். 60 அடி ரோடு வழியா உள்ள போயி கும்பார்வாடா பாத்துட்டு ஒரு கடையில டீ. அவரு ஆச்சரியப்பட்டது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், யாரும் எங்களைக் கண்டுக்கவே இல்ல, எல்லாருக்கும் வேலை இருந்துச்சு.

நாசரேத்_செல்வி

கேமராவைத் தூக்கியிருந்தா கண்டுக்கிட்டிருப்பாங்க. டூர்காரங்க மேல எங்க சந்துல செம கோபம். துணி காயப் போட்டாலும் போட்டோ.

ஏணிவீடு_முருகன்

இழைய ரொம்ப நேரமா படிக்கிறேன், எனக்கு ஒரு விசயம் தெரியணும். கணக்கு சார், எங்க அண்ணன் மேல்மாடி, கீழ வீட்டுக்காரர் வேற. 1998ல இருந்து அங்கதான் இருக்கான், ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எல்லாம் அதே அட்ரஸ். அவனுக்கு உள்ள வீடு கெடைக்குமா?

கணக்கு_வழக்கு

முருகன், விதிப்படி மேல்மாடின்னா எந்த வருஷத்துல இருந்து இருந்தாலும் உள்ள இலவச வீடு கிடையாது. 15.11.2022க்கு முன்னாடி இருந்ததுக்கு ஆதாரம் காட்டுனா வெளிய 300 சதுர அடி வாடகைக்கு, அப்புறம் பணம் கட்டி சொந்தமாக்கிக்கலாம். சர்வே பண்ண வர்றப்ப அண்ணன் கண்டிப்பா வீட்டுல இருக்கணும், மாடிக்குத் தனி நம்பர் போடுவாங்க, அதைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கரண்டு பில் தனியா இருந்தா அதையும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

ஏணிவீடு_முருகன்

அவன் வேலை பாக்குறது கீழ் வீட்டு இட்லிப் பட்டறையிலதான் சார். வேலை இங்க, வீடு முலுண்டுலயா?

கணக்கு_வழக்கு

மும்பைல எல்லாரும் அப்படித்தான இருக்காங்க முருகன். விரார்ல இருந்து சர்ச்கேட் வரைக்கும் தினம் வர்றவன் லட்சக்கணக்குல இருக்கான். லோக்கல் ட்ரெயின்தான் இந்த ஊரே.

நாசரேத்_செல்வி

கணக்கு சார், கடைசி லோக்கல் ராத்திரி ஒரு மணி வாக்குல போயிரும், அப்புறம் காலைல நாலு மணிக்குத்தான். ரெண்டு மணிக்கு மாவு ஆட்டணும்னு மேலயே எழுதியிருக்கேன்.